ஜாடி மெழுகுதிரிக்கு எந்தத் திரி? எரித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை

கடையில் போய் மெழுகுதிரி செய்யத் திரி வேண்டும் என்று கேட்டால் ஒரு நூல்கண்டை எடுத்து நீட்டுவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் மெழுகுதிரி புதிய சரக்கல்ல. கிறிஸ்தவக் கோவில் பீடத்துக்கும், நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கும், கிறிஸ்துமஸுக்கும் அச்சில் ஊற்றி எடுக்கிறவர்கள் நாகர்கோவில் தொடங்கி கொல்லங்கோடு வரை இருக்கிறார்கள். அந்த நூல் அவர்கள் வேலைக்கு ஏற்றது. விரல் தடிப்புள்ள நீட்டு மெழுகுதிரியில் சுடர் உருக்க வேண்டிய அகலம் இரண்டு சென்டிமீட்டர்தான். அதே நூலை ஏழு சென்டிமீட்டர் அகலமுள்ள கண்ணாடி ஜாடியில் நிறுத்தினால், நடுவில் மட்டும் குழி பறித்து, தான் உருக்கிய மெழுகிலேயே மூழ்கி அணைந்துவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வாசனையில் ஆரம்பிக்கிறார்கள். பிச்சிப்பூ மணம் வேண்டும், சந்தனம் வேண்டும் என்று குப்பி குப்பியாக வாங்கி அடுக்கிவிட்டு, திரியை மட்டும் கிடைத்ததைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். ஜாடியின் அகலம், மெழுகின் வகை, வாசனை எண்ணெயின் தன்மையும் அளவும் சேர்ந்து எவ்வளவு வெப்பம் தேவை என்பதைத் தீர்மானிக்கின்றன. அந்த வெப்பத்தைக் கொடுக்க வேண்டியது திரி. இவற்றில் எதை மாற்றினாலும் திரியை மறுபடி சோதிக்க வேண்டும். விற்பவர்கள் தரும் அட்டவணை எங்கே தொடங்கலாம் என்று மட்டும்தான் சொல்லும். சரியான திரி எது என்பது உங்கள் ஜாடியை அடிவரை எரித்துப் பார்த்தால்தான் தெரியும். அடிவரை என்பதை அழுத்தியே சொல்கிறேன். முதல் நாள் அழகாக எரிந்ததைப் பார்த்து அந்தத் திரியையே முடிவு செய்துவிடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு.

முதலில் ஜாடி

ஒரே ஒரு வகை ஜாடியைத் தேர்ந்தெடுங்கள். உள்விட்டம் 6.5 முதல் 7.5 செ.மீ. வரை இருந்தால் கற்றுக்கொள்ள வசதி. வாயிலிருந்து அடிவரை ஒரே அகலம், தட்டையான அடி, கனமான கண்ணாடி, கீறலோ குமிழோ இல்லாத சுவர் என்று பார்த்து வாங்குங்கள். வாய் குறுகிய ஊறுகாய் பாட்டில் வேண்டாம். வெப்பம் தோள் பகுதியில் முட்டி நின்று கண்ணாடியை அங்கே மட்டும் சூடாக்கும். அடி குறுகிப் போகும் டீ கிளாஸும் தொடக்கத்துக்கு உதவாது. மேலே சரியாக எரிந்த திரி, கீழே போகப் போக அந்த அகலத்துக்கு அதிகமாகிவிடும்.

சிரட்டையில் ஊற்றலாமே என்று நம்ம பக்கத்தில் கட்டாயம் யாராவது கேட்பார்கள். பார்க்க அழகாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் சிரட்டையே விறகு. அடுப்பெரித்த யாருக்கும் அது எவ்வளவு சுருக்காகப் பிடித்துக்கொள்ளும் என்று தெரியும். அதோடு உருகிய மெழுகையும் வாசனை எண்ணெயையும் உறிஞ்சும், அடி உருண்டை, அகலம் ஒவ்வொன்றிலும் வேறு. வாசனை மெழுகுதிரிக்கு நான் சிரட்டையைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஜாடி முடிவானதும் எவ்வளவு மெழுகு பிடிக்கும் என்று கணக்கெடுங்கள். மெழுகு நிற்க வேண்டிய உயரம் வரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை மட்டும் எடை போடுங்கள். மெழுகு தண்ணீரைவிட லேசு என்பதால் அந்த எடையை 0.86-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய சரியாக வரும். தண்ணீர் 200 கிராம் என்றால் மெழுகும் வாசனையும் சேர்ந்து 172 கிராம். பிறகு ஜாடியைக் கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும். மழைக்காலத்தில் துணியால் துடைத்தால் மட்டும் போதாது, வெயிலிலோ இளஞ்சூட்டிலோ ஈரம் போகக் காய வேண்டும். அடியில் தங்கிய ஒரு சொட்டுத் தண்ணீர், எரியும்போது சடசடவென்று தெறித்துச் சுடரை ஆட்டும்.

மெழுகு

பலகையாகக் கிடைக்கும் பாரஃபின் பெரும்பாலும் நீட்டு மெழுகுதிரிக்கானது. உருகுநிலை 60 டிகிரியை ஒட்டி இருக்கும், ஆறும்போது நன்றாகச் சுருங்கும். அச்சிலிருந்து கழன்று வர அந்தச் சுருக்கம் வேண்டும். ஜாடியிலோ நடுவில் பள்ளம் விழும், சுவரைவிட்டு விலகும். ஜாடிக்கு என்று தனியாக வரும் மெழுகையே வாங்குங்கள். விற்பனைப் பக்கத்தில் ‘கன்டெய்னர் வேக்ஸ்’ என்று எழுதியிருக்கும். ‘பில்லர் வேக்ஸ்’ என்று இருந்தால் அது ஜாடிக்கானது அல்ல.

தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை ஜாடிக்கான சோயா மெழுகு. உருகுநிலை 45 முதல் 52 டிகிரிக்குள் இருக்கும், கண்ணாடியில் ஓரளவு நன்றாக ஒட்டும், சிந்தினால் சோப்பும் வெந்நீரும் போட்டுத் துடைத்துவிடலாம். ஆறிய பிறகு மேலே வெள்ளையாகப் பூத்ததுபோல் படிவம் தெரியும். அது சோயாவின் இயல்பு, எரிவதில் எந்தக் குறையும் வராது. கண்ணாடியோடு ஒட்டாத திட்டுகள் வெளியே தெரிந்தாலும் அப்படியே. இந்த இரண்டுக்காகவும் மெழுகை மாற்ற வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் வீட்டிலேயே இருக்கிறது, அதை ஊற்றி மெழுகை இளக்கலாமா என்று கேட்டால், வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். நம்ம ஊரில் வருஷத்தின் பெரும்பாலான நாட்களில் குப்பிக்குள் அது நீராகவே நிற்பதைப் பார்க்கிறோம். அதை மெழுகில் கலந்தால் கெட்டித்தன்மை போய், வெயில் நாளில் மேலே எண்ணெய் கசியும். கடையில் தேங்காய் மெழுகு என்று வருவது கெட்டிப்படுத்தி, வேறு மெழுகுகளோடு கலந்து தயாரித்தது. அது வேறு சரக்கு.

தேன்மெழுகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம்ம மண்ணிலேயே கிடைக்கும் மெழுகு. மார்த்தாண்டம் பக்கம் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப்புறப் பணியோடு பெட்டித் தேனீ வளர்ப்பு பரவியது. இன்றைக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு அது தொழில். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் காலத்தில் தேன் வரத்து கூடும், அதை ஒட்டி மெழுகும் சேரும். வாங்கும்போது, “அண்ணாச்சி, பழைய அடை உருக்கினது வேண்டாம், மூடி சீவின மெழுகு இருந்தா தாங்க” என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். தேன் நிறைந்த அறைகளைத் தேனீ புதுமெழுகால் மூடி வைத்திருக்கும். தேன் எடுக்கும் முன் சீவி எடுக்கும் அந்த மூடிதான் சுத்தமானது. இளமஞ்சளாக, தேன் மணத்தோடு இருக்கும். புழு வளர்ந்த பழைய அடையை உருக்கினால் கறுப்பாக வரும், அதிலுள்ள பிசினும் தூசும் திரியின் நூலிடுக்கில் அடைத்துக்கொள்ளும். சுத்தமான மெழுகையும் உருக்கி மெல்லிய துணியில் ஒருமுறை வடிகட்டிவிடுங்கள்.

ஆனால் முழுத் தேன்மெழுகு ஜாடியைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். 62 முதல் 64 டிகிரியில்தான் உருகும், கெட்டியானது, சோயாவுக்குப் போட்டதைவிடத் தடித்த திரி கேட்கும், ஆறும்போது கண்ணாடியைவிட்டு விலகவும் வெடிக்கவும் செய்யும். அதற்கென்று உள்ள மணம் மேலே சேர்க்கும் வாசனையை அமுக்கிவிடும். சோயாவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு சேர்த்தால் மெழுகு சற்று இறுகும், வெயிலைத் தாங்கும். அதுவும் புது மெழுகாகவே கணக்கு. திரியை மறுபடி சோதிக்க வேண்டும்.

வாசனை

தோவாளைச் சந்தைப் பூ எவ்வளவு மணந்தாலும் அதை மெழுகில் போட்டால் மணம் வராது. இதழில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், அது மெழுகில் கலக்காது, வதங்கிக் கருகும். காய்ந்த பூவையும் மேலே தூவ வேண்டாம். நம்ம மலையில் விளையும் கிராம்புக்கு ‘கன்னியாகுமரி கிராம்பு’ என்று புவிசார் குறியீடே உண்டு. அந்தப் பெருமையில் நாலு கிராம்பை மெழுகின் மேல் அழுத்தி வைக்கிறார்கள். மெழுகு உருகியதும் அவை மிதந்து திரியை நோக்கிப் போகும். எண்ணெயில் நனைந்த காய்ந்த மொட்டு தீப்பிடித்தால் அதுவே இரண்டாவது திரி. கிராம்பு மணம் வேண்டுமென்றால் எண்ணெயாக மட்டும் சேருங்கள்.

மெழுகுதிரிக்கு ஏற்றது என்று விற்பவர் சொல்லும் வாசனை எண்ணெயே வேண்டும். ஊதுபத்திக்காக வரும் எண்ணெயில் வேறு திரவம் கலந்து நீர்க்கச் செய்திருக்கலாம். பலகாரத்துக்கான எசன்ஸ் பல நேரம் தண்ணீரில் கரைத்தது, மெழுகோடு சேராமல் அடியில் முத்து முத்தாக நிற்கும். அளவு, மெழுகின் எடையில் 6 சதவீதம் என்று தொடங்குங்கள். 172 கிராம் பிடிக்கும் ஜாடிக்கு 162 கிராம் மெழுகு, 10 கிராம் வாசனை. பத்து சதவீதம் வரை தாங்கும் மெழுகுகள் உண்டு என்றாலும், எண்ணெய் கூடக் கூட மணமும் கூடும் என்பது சரியல்ல. மெழுகு பிடித்துக்கொள்ள முடியாத எண்ணெய் கசிந்து வெளியே வரும், திரியை அடைக்கும், புகைய வைக்கும். மணம் குறைவாக இருந்தால் பல நேரம் குற்றம் திரியிடம்தான் இருக்கும்: சுடரைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகுக் குளம் சிறியதாக இருந்தால் மணம் எழும்பும் பரப்பும் சிறியது.

வனிலா, சந்தனம், கிராம்பு போன்ற கனத்த வாசனைகள் எலுமிச்சை, எலுமிச்சைப்புல் போன்றவற்றைவிட வலுவான திரி கேட்பது வழக்கம். வனிலா சேர்ந்த எண்ணெய் மெழுகை நாளடைவில் பழுப்பாக்கும், அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல.

திரி வாங்குவது

பின்னிய பருத்தித் திரி, மெழுகில் முக்கி எடுத்தது, அடியில் தகடு பொருத்தியது என்று கேட்டு வாங்குங்கள். பின்னலுக்குக் காரணம் உண்டு. பின்னிய திரி எரியும்போது முனை லேசாக வளைந்து சுடரின் ஓரத்துக்குப் போய்ச் சாம்பலாகிவிடும். முறுக்கிய நூல் நேராகவே நின்று, முனையில் கரி சேர்த்துக்கொண்டே போகும். மெழுகில் முக்காத திரி நம்ம ஊர் ஈரக்காற்றில் நமுத்துப் போவதால், எந்தத் திரியானாலும் இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள்.

திரிகளுக்கு எண் உண்டு. சிடி (CD), எகோ (ECO), எச்டிபி (HTP) என்று திரி வகைகளுக்குப் பெயரிட்ட வரிசைகள். சில கடைகளில் இத்தனை இழை என்று கணக்கு. ஒரே வரிசைக்குள் எண் கூடினால் திரியின் பலம் கூடும். ஆனால் சிடி 10-ம் எகோ 10-ம் ஒன்றல்ல. ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு, உங்கள் ஜாடி அகலத்துக்கு அட்டவணை சொல்லும் எண், அதற்கு ஒன்று கீழே, ஒன்று மேலே என்று மூன்று வாங்குங்கள். மரத்திரி இப்போது வேண்டாம். அதன் அகலம், தடிப்பு இரண்டையும் சோதிக்க வேண்டியிருக்கும்.

ஊற்றுவது

மெழுகை நேரடியாக கேஸ் அடுப்பில் வைக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கட்டும், அதற்குள் மெழுகுப் பாத்திரம் நிற்கட்டும். ஆவித் தண்ணீர் மெழுகுக்குள் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகு புகைய ஆரம்பித்தால் மிகவும் சூடாகிவிட்டது என்று அர்த்தம், உடனே அடுப்பை அணையுங்கள். தீப்பிடித்தால் தட்டு போட்டு மூட வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றிய தண்ணீர் அந்தச் சூட்டில் நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகைக் கூரை வரை தூக்கி எறியும். குழந்தைகள் நடமாடும் நேரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பாத்திரத்தில் மிஞ்சும் மெழுகைக் கழுவித் தொட்டியில் ஊற்றவும் வேண்டாம். குழாயில் போய் உறைந்துவிடும்.

திரியின் தகட்டை ஜாடியின் சரி நடுவில் பசையால் ஒட்டுங்கள். ஓரமாக நின்றால் ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் சூடாகும், அப்புறம் உங்கள் சோதனைக் குறிப்புக்கே மதிப்பில்லை. மேலே ஐஸ்குச்சியிலோ துணி கிளிப்பிலோ திரியை நிமிர்த்திப் பிடியுங்கள். மெழுகு 75 முதல் 80 டிகிரி வந்ததும் அடுப்பை அணைத்து, வாசனையை ஊற்றி, இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்குங்கள். 60 டிகிரிக்கு இறங்கியதும் ஜாடியில் ஊற்றலாம். மெழுகு விற்றவர் வேறு வெப்பநிலை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். தெர்மாமீட்டரும் கிராம் காட்டும் தராசும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். கைக்கணக்கில் ஊற்றினால், நன்றாக வந்த ஒன்றை இன்னொரு முறை செய்ய முடியாது.

முதல் சுற்றில் மூன்று ஜாடி, மூன்று திரி, வாசனை இல்லாத வெறும் மெழுகு. செலவு குறைவு, சுடரைப் படிக்கவும் பழகிவிடும். அதில் தேறிய திரியையும் அதற்கு ஒன்று மேலுள்ளதையும் எடுத்து இரண்டாம் சுற்றில் வாசனையோடு ஊற்றுங்கள். ஒவ்வொரு ஜாடியிலும் டேப் ஒட்டி மெழுகு, வாசனை சதவீதம், திரி எண், ஊற்றிய தேதி எழுதுங்கள். ஆறிய பிறகு மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும், நினைவை நம்ப முடியாது.

ஊற்றின மறுநாளே கொளுத்திப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். வாசனை மெழுகோடு சேர்ந்து இறுக நாளாகும். பாரஃபின் என்றால் மூன்று நாள் போதும். சோயாவுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். மூடி போட்டு, வெயில் படாத அலமாரியில் வைத்துவிடுங்கள்.

எரிப்பது

திரியை 5 மில்லிமீட்டருக்கு வெட்டுங்கள். ஜாடியை எடை போட்டு எழுதுங்கள். ஃபேன் நிற்கட்டும், ஜன்னல் மூடியிருக்கட்டும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் பகலில் இது கஷ்டம், அதிகாலையில் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றுக்கொன்று ஒரு முழ இடைவெளி விட்டு, எரியாத சமதளத்தில், பீங்கான் தட்டின் மேல் வையுங்கள். பக்கத்தில் திரைச்சீலை இருக்கக் கூடாது. கொளுத்திவிட்டு வெளியே போகவும் கூடாது. சோதனை என்பதே உட்கார்ந்து பார்ப்பதுதான்.

மணிக்கு ஒருமுறை குறிப்பு எழுதுங்கள். குறிப்பு இந்த மாதிரி இருக்கட்டும்: ‘இரண்டாம் எரிப்பு, மூன்றாம் மணி. சுடர் இரண்டரை செ.மீ., ஆட்டமில்லை. குளம் சுவரைத் தொட 2 மி.மீ. பாக்கி. ஆழம் 7 மி.மீ. முனையில் கடுகளவு கரி. கண்ணாடியில் கறை இல்லை. விளிம்பைத் தொட முடிகிறது. மணம் வாசலில் தெரிகிறது, அடுத்த அறையில் இல்லை.’ ஆழத்தைப் பார்க்க ஜாடியின் வெளிச்சுவரில் ஸ்கேலை நிறுத்தி, தெளிந்த மெழுகு எங்கே முடிந்து வெண்மை தொடங்குகிறது என்று பாருங்கள்.

நான்கு மணி நேரம் ஆனதும் அணையுங்கள். ஊதினால் புகையும் கரியும் மெழுகில் விழும். மூடியைக் கவிழ்த்து வைத்தாலும் சரி, ஒரு கம்பியால் திரியை உருகிய மெழுகுக்குள் சாய்த்து உடனே நிமிர்த்தினாலும் சரி. முழுசாக ஆறின பிறகு மறுபடி எடை போடுங்கள். குறைந்த கிராமை மணிக்கணக்கால் வகுத்தால் அந்தத் திரி மணிக்கு எவ்வளவு எரிக்கிறது என்று வரும். 7 செ.மீ. ஜாடிக்கு 4 முதல் 6 கிராம் வரை என்றால் திரி நல்ல இடத்தில் இருக்கிறது. எட்டு, ஒன்பது என்று போனால் சுடர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அதிகம்.

மறுநாள் மறுபடி 5 மில்லிமீட்டருக்கு வெட்டி, எடை போட்டு, கொளுத்தி, அதே குறிப்பு. அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும் வரை இப்படியே போக வேண்டும். மேலே சொன்ன ஜாடிக்கு முப்பது மணி நேரம் பிடிக்கும். இந்தப் பொறுமைக்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

மேலே ஒன்று, அடியில் ஒன்று

முதல் எரிப்பிலேயே உருகிய குளம் சுவரிலிருந்து சுவர் வரை போய்விட வேண்டும் என்று பலரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் இதில் மாறுபடுகிறேன். நிறைந்த ஜாடியில் சுடர் வாய்க்குப் பக்கத்தில், திறந்த காற்றில் எரிகிறது. வெப்பத்தில் பெரும்பகுதி மேலே போய்விடும். பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு அதே சுடரைச் சுற்றிக் கண்ணாடிச் சுவர் நிற்கிறது. வெப்பம் உள்ளேயே தங்கும், உருக்க வேண்டிய மெழுகும் குறைந்திருக்கும். அதனால் அதே திரி கீழே போகப் போகப் பலம் கூடியதுபோல் எரியும். மேலே இரண்டு மணி நேரத்தில் சுவரைத் தொட்ட திரி, கடைசி மூன்றில் ஒரு பங்கில் சுடரை நீட்டி, கண்ணாடியைக் கைவைக்க முடியாதபடி சூடாக்கும். கண்ணாடி வெடிப்பதென்றால் அந்தக் கட்டத்தில்தான்.

ஆகவே முதல் எரிப்பில் சுவரோரம் 3 முதல் 5 மில்லிமீட்டர் மெழுகு வளையமாக மிஞ்சினால் கவலைப்படாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது எரிப்பில் குளம் சுவரை எட்டட்டும். மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் மெழுகைக் கீழிருந்து வரும் சூடு பின்னால் இளக்கி இறக்கிவிடும். பாதி ஜாடி தாண்டிய பிறகும் வளையம் அப்படியே நின்றால்தான் திரி போதவில்லை என்று பொருள்.

நான் எடுக்கச் சொல்லும் திரி, மேலே கொஞ்சம் மந்தமாகத் தெரிந்து அடியில் அமைதியாக எரிகிற திரி. இரண்டு எண்களுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் தவித்தால் சிறியதையே எடுங்கள். கொஞ்சம் மெழுகு வீணாகலாம், அவ்வளவுதான். பெரியதை எடுத்தால் ஆபத்து வாங்குகிறவர் வீட்டுக்குப் போகிறது.

அறிகுறிகள்

சுடர் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டருக்குள் ஆடாமல் நின்றால் நல்லது. நான்கைத் தாண்டினால் ஒரு எண் இறங்குங்கள். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப் 2417 என்ற தீப்பாதுகாப்புத் தரம் 75 மில்லிமீட்டரைச் சுடரின் உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. அது தாண்டக் கூடாத எல்லை, அதை ஒட்டி எரிய விடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

திரி முனையில் காளான் குடைபோலக் கரி உருண்டு நிற்பதைப் பார்ப்பீர்கள். கொஞ்சம் இருந்தால் அடுத்த முறை வெட்டும்போது போய்விடும். மிளகளவு பெரிதாகி, உதிர்ந்து குளத்தில் மிதந்தால், திரி உறிஞ்சுவதை எரித்து முடிக்க முடியவில்லை என்று அர்த்தம். திரியைக் குறையுங்கள், அப்படியும் வந்தால் வாசனையை ஒரு சதவீதம் குறையுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் திரியின் வரிசையையே மாற்றிப் பாருங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

ஜாடியின் வாய்ப்பக்கம் கறுப்புப் படிந்தால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள், அப்புறம் திரியை. சுடர் துடித்துக்கொண்டே இருந்து, அறையில் காற்றும் இல்லையென்றால் திரி பெரிது. சுடர் சுருங்கிச் சுருங்கி மொட்டாகி அணைந்தால் திரி சிறிது, அல்லது எண்ணெயோ தூசோ அதை அடைத்துவிட்டது. குளத்தின் ஆழம் 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை சரி. அதற்கு மேல் போனால் வாசனை வீணாக ஆவியாகும், திரியின் தகடுகூட இளகிச் சாயலாம்.

காற்றும் வெயிலும்

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பி முப்பந்தலில் காற்றாலை நிறுத்தியிருக்கிறார்கள். ஆடி மாதத்தில் அந்தக் காற்று நாகர்கோவில் வீடுகளுக்குள் எப்படி நுழையும் என்று இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலை மூடினாலும் கதவிடுக்கில் வரும். அந்த நாட்களில் எடுக்கும் குறிப்பில் சுடர் ஒரு பக்கமே சாய்ந்து, குளமும் ஒரு பக்கமே பெருகியிருக்கும். ஜாடியைத் திருப்பி வைத்துப் பாருங்கள்; சாய்வு அதே திசையில் இருந்தால் காற்று, ஜாடியோடு திரும்பினால் திரி நடுவில் இல்லை.

மூடிய அறையில் தேறிய திரியை, ஃபேன் மெதுவாகச் சுற்றும் அறையிலும் ஒருமுறை எரித்துப் பாருங்கள். வாங்குகிறவர் ஃபேனை நிறுத்திவிட்டு உட்காரப் போவதில்லை. அதில் கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை. கறுப்புப் புகை வந்தால் ஒரு எண் இறங்க வேண்டும்.

வெயில் சோதனையும் தனியாகத் தேவை. மார்ச் முதல் மே வரை மூடிய வண்டிக்குள் சூடு சோயாவின் உருகுநிலையைத் தொடும். சென்னைக்கோ மதுரைக்கோ பார்சல் அனுப்பும் எண்ணம் இருந்தால், ஒரு ஜாடியை நிமிர்த்தி அட்டைப்பெட்டியில் வைத்து, மத்தியான வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட்டு, மாலையில் எடுத்துப் பாருங்கள். மேலே எண்ணெய் முத்து முத்தாகக் கசிந்திருந்தால் வாசனை அளவைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் கோடைக்கு மட்டும் சற்றுக் கெட்டியான மெழுகுக்கு மாற வேண்டும். அந்த ஜாடியையும் கொளுத்திப் பாருங்கள். கசிந்த எண்ணெய் திரியைச் சுற்றித் தேங்கினால் முதல் சுடர் வழக்கத்தைவிட உயரமாக எழும்பும்.

திரி முடிவான பிறகும் நோட்டை மூடி வைத்துவிடாதீர்கள். புதுப் பெட்டி மெழுகு வந்தாலும், வாசனைக் குப்பி வேறு கடையிலிருந்து வந்தாலும், ஒரே ஒரு ஜாடி ஊற்றி அடிவரை எரித்து, பழைய பக்கத்தோடு ஒப்பிடுங்கள். மணிக்கு எரியும் அளவு ஒரு கிராமுக்கு மேல் மாறியிருந்தால் மூன்று திரிச் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவரை அந்தப் பெட்டியிலிருந்து ஊற்றிய எதையும் விற்பனைக்கு வைக்காதீர்கள்.